டாக்டர் ஹெலன் சுகிர்தாவும் சுங்கத்தில் நின்ற குறடுகளும்

சுங்க அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய ஒரு பதிலைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது ராணி போன் செய்தாள். புதுக்கடையில் டாக்டர் ஹெலன் சுகிர்தாவின் பல் மருத்துவமனையில் உதவியாளராக இருப்பவள். அந்தப் பதிலோடு இணைக்க ஒரு படம் அனுப்புவதாக டாக்டர் முந்தின நாள் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, "படம் இன்னும் வந்து சேரல்லையே" என்றேன். மறுமுனையில் அழுகைச் சத்தம் கேட்டது. "டாக்டரம்மா போயிட்டாவ அண்ணாச்சி. குளிச்சிட்டு வந்து கட்டில்ல இருந்தாவ. நெஞ்சு அடைக்குதுன்னு சொன்னாவ. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள..."

எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, எரிச்சல். யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை. எதிரே கணினித் திரையில் நான் பாதி எழுதிய வாக்கியம் நின்றது. மேற்படி கருவிகள் பல் மருத்துவத்துக்கு மட்டுமே பயன்படுபவை, எனவே. அந்த ‘எனவே’க்கு அப்புறம் என்ன எழுதுவது என்று டாக்டரும் நானும் வருஷக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறோம். அதை முடிக்காமல் அவர் போய்விட்டார்.

இதை வாசிக்கும் உங்களில் பலர் அவருடைய நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தவர்கள். அவருடைய கைப்பக்குவத்தைப் பற்றி, ஊசி போடும் முன் அவர் சொல்லும் வேடிக்கைகளைப் பற்றி நீங்கள் சொல்வீர்கள். அந்த டாக்டரை எனக்கு அவ்வளவாகத் தெரியாது. நான் சுங்க முகவர். வெளிநாட்டிலிருந்து வரும் சரக்குக்கு வரி கட்டி, காகிதங்களைக் காட்டி, துறைமுகத்திலிருந்து வெளியே எடுத்துக் கொடுப்பது என் தொழில். எனக்குத் தெரிந்தவர், அரசு அலுவலக வராந்தாக்களில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்த ஒரு பெண்மணி. அவரைப் பற்றித்தான் என்னால் எழுத முடியும்.

வடசேரியில் என் அலுவலகம் காய்கறிச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருக்கிறது. லாரிகளின் ஹாரன் சத்தத்தில் பேசுவதே சிரமம். முதல் நாள் வந்த டாக்டர், தன் பெயரைச் சொன்னதும் கைப்பையிலிருந்து பல் பிடுங்கும் குறடு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். "அண்ணாச்சி, வாயத் திறங்க" என்றார். எனக்குப் பல்வலி ஒன்றும் இல்லை என்றேன். "அதனாலதான் கேக்கேன். திறங்க."

திறந்தேன். "இவ்வளவு வேண்டாம். ஒரு விரல் நுழையுற அளவுக்கு மட்டும்." அப்படியே வைத்துக்கொண்டேன். குறட்டை என் உதட்டருகே கொண்டுவந்து காட்டினார். அதன் அலகு என் முன்பற்களிலேயே முட்டி நின்றது. உள்ளே போக வழியில்லை. "இப்படித்தான் இருக்கு அவங்களுக்கு. இதுக்கு மேல ஒரு நூல் திறக்காது. உள்ள கடைவாய்ப்பல்லு அழுகிச் சீழ் பிடிச்சா நான் எப்படிப் பிடுங்க?" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை, வாய் அந்த அளவில் நின்றதால். "பாத்தியளா, பேசவும் வராது" என்று சொல்லிவிட்டுக் குறட்டைப் பைக்குள் போட்டார்.

பொட்டலத்தில் விற்கும் பாக்கை வருஷக்கணக்கில் மென்று, கன்னத்தின் உள்சதை தோல்வார்போல இறுகிப்போனவர்கள் அவர்கள். கடற்கரையிலும் ரப்பர் தோட்டங்களிலும் அப்படி எத்தனையோ பேர். சாதாரணக் குறடு நுழையாது. குழந்தைகளுக்கான சின்னக் குறட்டை வைத்துப் பார்த்தால் பெரியவர்களின் பல்லுக்கு அதில் பலம் போதாது. டாக்டர் தாமே ஒரு வடிவம் வரைந்தார். கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே பக்கவாட்டில் செல்லும்படி கழுத்து வளைந்து, அலகு மெலிந்து, பிடி மட்டும் உறுதியாக. ஜெர்மனியில் ஒரு சிறிய பட்டறைக்காரர் அதைச் செய்துதர ஒப்புக்கொண்டிருந்தார். "எடுத்துத் தர மாட்டியளா?" என்று கேட்டார். ஒரு சின்ன மரப்பெட்டி. இதில் என்ன கஷ்டம் என்று நினைத்து, "ஒரு வாரத்தில உங்க கையில இருக்கும்" என்றேன். அந்த வார்த்தையை அவர் என்னிடம் பிறகு பல தடவை சொல்லிக் காட்டியிருக்கிறார்.

உலகத்தில் உள்ள எந்தப் பொருளுக்கும் சுங்கத்தில் ஓர் அத்தியாயமும் எண்ணும் உண்டு. பல் மருத்துவக் கருவிகள் தொண்ணூறாம் அத்தியாயம். சுத்தியல், திருப்புளி, கம்பி முறுக்கும் குறடு போன்ற கைக்கருவிகள் எண்பத்திரண்டு. மருத்துவக் கருவி என்றால் அது கைக்கருவிகளின் அத்தியாயத்தில் சேராது என்று சட்டத்திலேயே குறிப்பும் இருக்கிறது. இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஆனால் அந்த ஜெர்மன்காரர் தம் விலைப்பட்டியலில் ஆங்கிலத்தில் ‘பிளையர்ஸ்’ என்று எழுதிவிட்டார். அவருடைய மொழியில் மெக்கானிக் வைத்திருப்பதற்கும் மருத்துவர் வைத்திருப்பதற்கும் ஒரே சொல்தான். அகராதியைப் பார்த்து முதலில் கிடைத்ததை எழுதிவிட்டார் மனிதர்.

பெட்டியைத் திறந்து பார்த்த அதிகாரி, "பிளையர்ஸ்னு போட்டிருக்கு, பிளையர்ஸ் மாதிரியும் இருக்கு. பல் பிடுங்குற ஃபோர்செப்ஸ் நான் பாத்திருக்கேன், அது இப்படி இருக்காது" என்றார். இப்படி இல்லாததால்தான் இதைச் செய்யச் சொன்னதே என்று விளக்கினேன். திருத்திய விலைப்பட்டியல் வரவழைத்துக் கொடுத்தேன். சரக்கு வந்து இறங்கிய பிறகு திருத்துவது சந்தேகத்துக்குரியது என்று எழுதினார்கள். கடைசியில் பரிசோதனைக் கூடத்தில் யாரோ ஒருவர், கருவியின் தன்மையை அறிவதற்காக, அதை வைத்து ஒரு கம்பியைப் பிடித்து முறுக்கிப் பார்த்திருக்கிறார். மெல்லிய அலகின் நுனி ஒடிந்துவிட்டது. இதை டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சொன்னேன். "கம்பி முறுக்குன உடனே ஒடிஞ்சு போச்சுல்லா. அப்ப அது பிளையர்ஸ் இல்லன்னு தெரிஞ்சிருக்குமே?" என்றார்.

தெரியவில்லை. கருவிதான் தரக்குறைவானது என்று அவர்கள் குறிப்பு எழுதினார்கள்.

அடுத்தது இன்னும் மோசம். வழக்கு முடியும்வரை உத்தரவாதம் கொடுத்துத் தற்காலிகமாகச் சரக்கை எடுக்க ஒரு வழி உண்டு. அதற்கு விண்ணப்பித்தோம். நீங்கள் மருத்துவக் கருவி என்று சொல்கிறீர்கள், அப்படியென்றால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் பதிவு எங்கே என்றார்கள். டாக்டர் அலைந்து திரிந்து பதிவை வாங்கி வந்தார். அதைக் கொடுத்தபோது, மருந்துத் துறை இதை மருத்துவக் கருவி என்று சொல்வது அவர்களுடைய சட்டப்படி, எங்கள் சட்டப்படி இது இன்னும் முடிவாகவில்லை என்றார்கள். பதிவு கேட்கும்போது அது மருத்துவக் கருவி. எண் போடும்போது அது கம்பி முறுக்கும் குறடு. அன்று அலுவலகத்தை விட்டு வெளியே வந்து வாகை மரத்தடியில் நின்று நான் சொன்னேன், "இந்தத் தொழில்ல இதெல்லாம் பழகிப்போச்சு டாக்டர்." அவர் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் என் முன்னால் நிற்கிறது. "பழகிப்போச்சுன்னு மட்டும் எங்கிட்ட சொல்லாதீங்க அண்ணாச்சி. வலி பழகிப்போன பல்லுதான் செத்த பல்லு."

எங்கள் பெரிய சண்டை அதற்குப் பிறகு வந்தது. கம்பி முறுக்கும் குறடு என்றே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் பெட்டி மறுநாளே வெளியே வந்துவிடும். இரண்டு எண்களுக்கும் வரியில் இருந்த வித்தியாசம், கிடங்கு வாடகையைவிடக் குறைவு. நான் அதைச் சொன்னேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். டாக்டர் மறுத்தார். "பிளையர்ஸ்னு நானே எழுதிக் குடுத்துட்டு, அதை எடுத்து ஒரு மனுஷன் வாய்க்குள்ள போடவா? நாளைக்கு ஒருத்தருக்கு ஏதாவது ஆயிப்போச்சுன்னா, பிளையர்ஸ வச்சுப் பல்லப் பிடுங்கினாள்னு என் கையெழுத்தையே காட்டுவாங்க. அதுக்கப்புறம் வேற எந்த டாக்டரும் இதை வரவழைக்க மாட்டாங்க." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் சொன்னதிலும் நியாயம் இருந்தது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஏனென்றால் எங்கள் இரண்டு பேருடைய நியாயத்துக்கும் நடுவில் சூசை இருந்தார்.

சூசை குளச்சலில் மீன் ஏலம் விடுபவர். கரையில் அவர் நின்று விலை கூறினால் படகுவரை கேட்கும் என்பார்கள். பாக்கால் அவருக்கு வாய் இறுகிவிட்டது. இருந்தும் பல் இடுக்கு வழியாகவே ஏலம் விட்டுக்கொண்டிருந்தார். கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்று அழுகியிருந்தது. திருவனந்தபுரத்துக்குப் போய் மயக்க மருந்து கொடுத்து எடுத்துவிடும்படி டாக்டர் அவரிடம் சொல்லியிருந்தார். அவருக்குப் பயம். தொழிலை விட்டுப் போகவும் மனமில்லை. ஒவ்வொரு தடவை மாத்திரை வாங்க வரும்போதும், "டாக்டரே, அந்தச் சாமானம் வந்தாச்சா?" என்று பல்லைத் திறக்காமல் கேட்பார். ஒருமுறை நான் கிளினிக்கில் இருக்கும்போதும் கேட்டார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

மழைக்காலத்தில் ஒருநாள் சூசையின் கன்னம் வீங்கியது. வீக்கம் தாடைக்குக் கீழே இறங்கிக் கழுத்தைப் பிடித்தது. மூச்சு விட முடியாமல் திருவனந்தபுரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கழுத்தில் துளை போட்டுத்தான் உயிரைக் காப்பாற்ற முடிந்தது. பிழைத்து வந்துவிட்டார். ஆனால் குரல் போய்விட்டது. பேசினால் காற்றும் கரகரப்பும் மட்டுமே வந்தது.

டாக்டர் அவரைப் பார்க்கக் குளச்சலுக்குப் போனபோது நானும் கூடப் போனேன். எனக்குத் தெரிந்து டாக்டர் எதற்கும் தயங்கியதில்லை. அன்று அந்த வீட்டு நடையில் நின்று சேலை முந்தானையை இரண்டு தடவை சரி செய்தார். உள்ளே போய், கருவி துறைமுகத்தில் நின்றதையும், கையெழுத்துப் போட்டிருந்தால் வந்திருக்கும் என்பதையும், தாம் போடவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். சொல்ல வேண்டிய கட்டாயம் ஒன்றும் இல்லை. சூசைக்கு அதெல்லாம் தெரியாது.

சூசை கழுத்தில் போட்டிருந்த கட்டின்மேல் விரலை வைத்துக்கொண்டு, மூச்சுக்கு மூச்சு நிறுத்திக் கேட்டார். "எனக்க தொண்டைய வச்சா டாக்டரே நீங்க கேசு நடத்தினிய?"

சூசையின் மனைவி எங்கள் இருவருக்கும் பால் சேர்க்காத கட்டஞ்சாயா கொண்டு வந்தாள். குடிக்காமல் எழுந்து வர முடியவில்லை. திரும்பி வரும் வழியில், "இப்பவாவது கையெழுத்துப் போடலாமே டாக்டர்" என்று சொல்ல வாய் எடுத்தேன். அவரே முந்திக்கொண்டார். "இப்ப போட்டா, அவருக்க சத்தம் சும்மாவே போச்சுன்னு ஆயிரும். நான் போட மாட்டேன்." எனக்கு அவர்மேல் அவ்வளவு கோபம் வந்தது. வண்டியை விட்டு இறங்கிப் போய்விடலாமா என்று நினைத்தேன். இறங்கவில்லை.

மேல்முறையீட்டு விசாரணைக்கு அவரே வந்தார். வக்கீல் வேண்டாம் என்றுவிட்டார். எதிரே உட்கார்ந்திருந்த அதிகாரி நல்ல மனிதர், நிதானமாகக் கேட்டார். "மேடம், தமிழ்லயும் இதைக் குறடுன்னுதானே சொல்றீங்க?"

"சொல்லுவோம் சார். கத்தின்னும் சொல்லுவோம். ஆபரேஷன் பண்ணுறதும் கத்திதான், மீன் வெட்டுறதும் கத்திதான். உங்களுக்கு ஆபரேஷன்னா எதை எடுத்துட்டு வரச் சொல்லுவீங்க?"

அவர் சிரித்துவிட்டார். "எனக்குப் புரியுது. ஆனா நாளைக்குத் தணிக்கையில கேள்வி வந்தா நான் எழுத்தில பதில் சொல்லணும்."

"அப்ப எழுத்தில சரியா எழுதுங்க சார். அதுக்குத்தானே நான் இங்க வந்திருக்கேன். ஒரு ஆளுக்குக் குரலே போயிட்டு. நீங்க தணிக்கையச் சொல்லுறீங்க." குரல் உயரவில்லை.

உத்தரவு வந்தது. பல் மருத்துவக் கருவிகள், தொண்ணூறாம் அத்தியாயம், இறக்குமதியாளர் சொன்னது சரி. இதற்காக ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போயின. பெட்டி புதுக்கடைக்கு வந்த அன்று ராணி மிட்டாய் வாங்கி வைத்திருந்தாள். டாக்டர் அதைத் தொடவில்லை. ஒடிந்துபோன ஒன்றைத் தவிர மற்றவற்றைக் கொதிநீரில் போட்டுவிட்டு, முதல் ஆளாக, மாதக்கணக்கில் கஞ்சி மட்டும் குடித்து வந்த ஒரு ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளியை நாற்காலியில் ஏற்றினார். பல் வந்துவிட்டது. அந்த மனிதர் ரத்தம் துப்பிவிட்டு, "இவ்வளவுதானா?" என்று கேட்டாராம். ராணி இதை என்னிடம் சொல்லிச் சிரித்தாள். டாக்டர் சிரித்தாரா என்று கேட்டேன். "அவிய வாஷ்பேசின் பக்கம் திரும்பி நின்னாவ" என்றாள்.

அதன்பின் வேறு ஊர்களிலிருந்தும் பல் மருத்துவர்கள் அந்தக் கருவியைக் கேட்டார்கள். டாக்டர் அவர்களுக்கும் சேர்த்து இரண்டாவது பெட்டிக்குச் சொல்லி அனுப்பினார். விலைப்பட்டியலில் இந்த முறை சரியான சொல். கூடவே நாங்கள் வென்ற உத்தரவின் நகல். பெட்டி மறுபடியும் நின்றது. அதிகாரி புதியவர். "அந்த ஆர்டர் அந்தச் சரக்குக்கு. இது வேற சரக்கு" என்றார். முன்பு ‘பிளையர்ஸ்’ என்று வந்த அதே பொருள் இப்போது வேறு பெயரில் வருவது ஏன் என்று நோட்டீஸ் கேட்டது. போனில் இதைப் படித்துக் காட்டினேன். டாக்டர் கடைசிவரை கேட்டார். பிறகு, "சரி, திரும்பவும் முதல்லேருந்து சொல்லுவோம். எனக்குத் தொண்டை இருக்கு" என்றார். அந்த நோட்டீசுக்கான பதிலைத்தான் நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

அடக்கம் அவர்கள் சபையின் கல்லறைத் தோட்டத்தில் நடந்தது. பாட்டு முடிந்து எல்லோரும் மண் போட வரிசையில் நின்றார்கள். வேலி ஓரமாகச் சூசை நிற்பதைப் பார்த்தேன். குளச்சலிலிருந்து பஸ் மாறி வந்திருக்கிறார். அந்த நாளுக்குப் பிறகு அவர் டாக்டரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. டாக்டர் ஆளனுப்பியும், வாயைத் திறக்கும் பயிற்சிக்கு வரவில்லை. நான் பக்கத்தில் போனேன். அவர் பேச்சைக் கேட்கக் குனிய வேண்டியிருந்தது. "கோவம் தீரல்ல அண்ணாச்சி. ஆனா வராம இருக்க முடியல்ல." வரிசை முடிந்த பிறகு போய், ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து, கொஞ்சநேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டுப் போட்டார்.

கிளினிக்கை இப்போது டாக்டர் ஷைனி நடத்துகிறார். டாக்டர் ஹெலன் சுகிர்தாவிடம் வேலை பார்த்த இளம் மருத்துவர். பெட்டியைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள அவர் சம்மதித்தார். அதற்கான விண்ணப்பத்தோடு போன வாரம் துறைமுகத்துக்குப் போனேன். அதிகாரி மரியாதையாகவே பேசினார். டாக்டர் இறந்ததற்கு வருத்தம் தெரிவித்தார். உட்காரச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த மேடம்தான் பிடிவாதமா இருந்தாங்க. இப்ப அவங்க இல்லையே. எண்பத்திரண்டுன்னு போட்டு வாங்கிட்டுப் போயிடுங்களேன் சார். வித்தியாசம் ரொம்பக் கொஞ்சம்தானே. நாளைக்கே விட்டுடறேன்" என்றார்.

ஒரு காலத்தில் நான் டாக்டரிடம் சொன்ன அதே பேச்சு. அதிகாரி கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, நானும் அன்று அப்படிச் சொல்லவில்லை. மேசைமேல் கையெழுத்துக்கான இடம் காலியாகத்தான் இருந்தது. சங்கடமாகச் சிரித்துவிட்டு யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வருவதுதான் இத்தனை வருஷமாக என் வழக்கம்.

"முடியாது" என்றேன்.

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பக்கத்து மேசையில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஏன் என்று அதிகாரி கேட்டார். காரணத்தை முதலிலிருந்து சொன்னேன். வாய் திறக்காதவர்கள் என்றால் யார், அலகு ஏன் மெலிந்திருக்கிறது, கழுத்து ஏன் வளைந்திருக்கிறது, கம்பி முறுக்கினால் என்ன ஆகும், எல்லாம். அவர் குறித்துக்கொண்டார். விசாரணைக்குத் தேதி சொல்வதாகச் சொன்னார்.

டாக்டர் ஹெலன் சுகிர்தாவிடமிருந்து என்னிடம் தங்கிவிட்டது ‘முடியாது’ என்ற அந்த ஒரு சொல்தான். அதைச் சொல்லும்போது அவருக்கு இருந்த உறுதி எனக்கு இல்லை. நான் செய்தது சரிதானா என்று படியிறங்கும்போதே சந்தேகம் வந்துவிட்டது. இந்த முறையும் எங்கோ ஒருவருக்குக் கன்னம் வீங்கலாம். அப்போது அவர் வீட்டு நடையில் போய் நிற்க வேண்டியவன் நான். அந்தச் சொல்லை டாக்டர் எவ்வளவு கனத்தோடு சுமந்திருக்கிறார் என்பது இப்போதுதான் தெரிகிறது. பெட்டி இன்னும் கிடங்கில்தான் இருக்கிறது.